பட்டம் சூடாத பெருவீரர் சாம் லாங்ஃபோர்டு: குத்துச்சண்டையில் தலைசிறந்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரு வாழ்க்கை

குத்துச்சண்டை வரலாற்றில் தலைசிறந்த ஹெவிவெயிட் வீரர்கள் யார் என்ற விவாதத்துக்கு, அமெரிக்காவின் 'தி ரிங்' இதழை 1922-ஆம் ஆண்டு தொடங்கி அரை நூற்றாண்டு காலம் நடத்திய நாட் ஃபிளைஷர், 1958-இல் பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டு விடையளித்தார். ஜாக் ஜான்சன் முதலிடத்திலும், ஜாக் டெம்ப்சி நான்காம் இடத்திலும், ஜோ லூயிஸ் ஆறாம் இடத்திலும், ராக்கி மார்சியானோ பத்தாம் இடத்திலும் இருந்த அப்பட்டியலில் ஒன்பது பேர் உலக ஹெவிவெயிட் சாம்பியன்கள். ஏழாம் இடத்தில் இருந்த சாம் லாங்ஃபோர்டு மட்டும் எந்த எடைப் பிரிவிலும் உலகப் பட்டம் பெறாதவர். ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு அவருக்கு ஒருமுறைகூட வழங்கப்படவில்லை.

ஒரு காலத்தின் சிறந்த வீரர்களை மதிப்பிட முற்படுவோர் பொதுவாக முதலில் எடுத்துப் பார்ப்பது சாம்பியன்களின் பெயர் வரிசையையே. அந்த வரிசையை மட்டும் நம்பினால் 1902 முதல் 1926 வரை களத்தில் இருந்த இந்த மனிதர் கண்ணில் படவே மாட்டார்.

லாங்ஃபோர்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள வேமத் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1883 என்று பெரும்பாலான நூல்களும், 1886 என்று சில பதிவுகளும் கூறுகின்றன. அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில் அங்கு வந்து குடியேறிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல் அவர். தந்தையின் அடி உதை தாங்காமல் சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய அவர், கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை வந்தடைந்தார்.

அந்நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜோ உட்மன் என்பவர் குத்துச்சண்டைப் போட்டிகளையும் நடத்தி வந்தார். உட்மனின் பயிற்சிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் பணியில் சேர்ந்த லாங்ஃபோர்டு, விரைவில் அங்குள்ள வீரர்களுடன் பயிற்சிச் சண்டை போடுபவராகவும், 1902-இல் தொழில்முறை வீரராகவும் ஆனார். உட்மன் அவருக்கு மேலாளரானார். இருவருக்கும் இடையிலான இந்த உறவு நீண்ட காலம் நீடித்தது.

அடுத்த ஆண்டிலேயே அவருடைய பெயர் பாஸ்டனுக்கு வெளியிலும் பேசப்பட்டது. 1903 டிசம்பர் 8-ஆம் தேதி, லைட்வெயிட் உலக சாம்பியனான ஜோ கான்ஸை 15 சுற்றுப் போட்டியில் லாங்ஃபோர்டு வென்றார். அக்காலத்தின் மிக நுட்பமான வீரர் என்று கருதப்பட்டவர் கான்ஸ். ஆனால் லாங்ஃபோர்டின் எடை லைட்வெயிட் வரம்பைத் தாண்டியிருந்ததால் பட்டம் பணயமாக வைக்கப்படவில்லை. வெற்றி மட்டும் கிடைத்தது. பட்டம் கான்ஸிடமே இருந்தது.

இந்த வெற்றியை எடைபோடும்போது இன்னொரு செய்தியையும் கணக்கில் கொள்ள வேண்டும். முந்தைய இரவுதான் கான்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் ஜாக் பிளாக்பர்னுடன் ஆறு சுற்றுகள் மோதியிருந்தார். ஓய்வின்றி வந்த சாம்பியனை ஓர் இளைஞர் வென்றார் என்பதே முழு உண்மை. ஆயினும் கான்ஸ் போன்ற ஒருவரிடம் 15 சுற்றுகள் நின்று தீர்ப்பைப் பெறுவது, களைத்த கான்ஸாக இருந்தாலும், எளிதான செயலன்று. பிற்காலத்தில் ஜோ லூயிஸின் பயிற்சியாளராகப் புகழ்பெற்றவர் இந்த பிளாக்பர்ன். அவருடனும் லாங்ஃபோர்டு பலமுறை மோதினார்.

1904 செப்டம்பர் 5-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், வெல்டர்வெயிட் சாம்பியனான பார்படோஸ் ஜோ வால்காட்டை லாங்ஃபோர்டு சந்தித்தார். 1951-இல் ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஜெர்சி ஜோ வால்காட் வேறொருவர். இந்த வால்காட்டின் மீதிருந்த மதிப்பால் அவருடைய பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர். மான்செஸ்டர் போட்டி 15 சுற்றுகளுக்குப் பின் சமநிலையில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. லாங்ஃபோர்டே மேலோங்கி நின்றார் என்று நேரில் பார்த்த பலர் கருதினர். சமநிலை என்றால் பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே தங்கும். உலகப் பட்டத்துக்கு லாங்ஃபோர்டு மிக அருகில் வந்தது அன்றுதான்.

அவருடைய உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குலம். கைகள் நீண்டவை, தோள்கள் அகன்றவை. நெருங்கிச் சென்று குறுகிய தொலைவில் இருந்து இரு கைகளாலும் நாக் அவுட் அடி கொடுக்கக்கூடியவர். எதிராளியைத் தம் பக்கம் இழுத்துத் தவறு செய்யவைத்து அடிப்பதிலும் அவர் வல்லவர் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. வயது ஏற உடல் பருத்தது. லைட்வெயிட்டில் தொடங்கியவர் வெல்டர்வெயிட், மிடில்வெயிட் பிரிவுகளைக் கடந்து, தம்மைவிட ஒரு தலை உயரமான ஹெவிவெயிட் வீரர்களிடையே வந்து சேர்ந்தார். இன்றைய வீரர்கள் இரண்டு கிலோ கூடினாலே வேறு பிரிவுக்குச் செல்ல வேண்டியிருப்பதை அறிந்த வாசகர்களுக்கு இதன் கடினம் விளங்கும்.

ஜாக் ஜான்சனுடன் அவர் மோதிய ஒரே போட்டி 1906 ஏப்ரல் 26-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி நகரில் நடைபெற்றது. ஜான்சன் சுமார் 84 கிலோ. லாங்ஃபோர்டு சுமார் 71 கிலோ. ஜான்சனின் உயரம் ஆறடிக்கு மேல். ஆறாவது சுற்றில் லாங்ஃபோர்டு கீழே விழுந்தார். எழுந்து 15 சுற்றுகளையும் முடித்தார். தீர்ப்பு ஜான்சனுக்குச் சென்றது.

இந்தப் போட்டியைப் பற்றிப் பின்னாளில் வேறொரு கதை பரவியது. ஜான்சனை லாங்ஃபோர்டு தரையில் வீழ்த்தினார் என்றும், உண்மையில் வென்றது அவரே என்றும் அக்கதை கூறியது. அதைப் பரப்பியவர் மேலாளர் உட்மன். ஜான்சனைச் சீண்டி மீண்டும் ஒரு போட்டிக்கு இழுப்பதே அவருடைய நோக்கம். அடுத்த நாள் வந்த செய்தித்தாள்களோ ஜான்சன் தெளிவாக வென்றார் என்றே எழுதியிருந்தன. லாங்ஃபோர்டை உயர்த்திப் பேச விரும்பும் பலர் இன்றும் உட்மனின் கதையையே சொல்கின்றனர். அது தேவையற்றது. தம்மைவிட 13 கிலோ கூடுதல் எடை கொண்ட, இரண்டரை ஆண்டுகளில் உலக சாம்பியனாகப் போகும் ஒருவரை எதிர்த்து இறுதிவரை நின்றார் என்பதே போதிய சான்று.

ஜான்சன் அதன்பின் லாங்ஃபோர்டுடன் ஒருபோதும் களம் இறங்கவில்லை. 1908 டிசம்பர் 26-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வென்று, உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரர் ஆனார் அவர். பர்ன்ஸை வென்றால் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் லாங்ஃபோர்டை எதிர்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். பட்டம் கைக்கு வந்ததும் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. லண்டன் சென்ற லாங்ஃபோர்டுக்கு, 1909 மே 24-இல் பிரிட்டன் ஹெவிவெயிட் சாம்பியன் அயர்ன் ஹேக் எதிராளியாக நிறுத்தப்பட்டார். நான்காவது சுற்றில் ஹேக் நாக் அவுட் ஆனார்.

ஜான்சன் தவிர்த்ததற்கான காரணங்களை அச்சம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. கறுப்பின வீரர்கள் இருவர் மோதினால் அரங்கு நிரம்பாது, பரிசுத் தொகை குறையும் என்பது அன்றைய போட்டி ஏற்பாட்டாளர்களின் கணக்கு. வெள்ளையர் ஒருவர் ஜான்சனை வீழ்த்துவதைக் காணத் துடித்த கூட்டமே பணம் கொடுத்தது. 1910 ஜூலை 4-இல் ரீனோ நகரில் ஜான்சன் ஜிம் ஜெஃப்ரீஸை வென்றபோது அமெரிக்காவின் பல நகரங்களில் இனக் கலவரம் மூண்டது. இத்தனை எதிர்ப்புக்கிடையே பட்டத்தைக் காத்து நின்ற ஜான்சனுக்கு, மிகக் குறைந்த வருவாய்க்கு மிக ஆபத்தான எதிராளியைச் சந்திப்பதில் ஆதாயம் இல்லை. ஆனால் அதனால் நட்டமடைந்தவரும் அவரைப் போலவே நிறத்தால் ஒதுக்கப்பட்டவர் என்பதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

1913 டிசம்பரில் பாரிஸ் நகரம் இதை அடுத்தடுத்த இரண்டு நாள்களில் கண்டது. 19-ஆம் தேதி ஜான்சன் பட்டத்தைப் பணயம் வைத்து மோதினார். எதிராளி கறுப்பினத்தவரே, ஆனால் அவர் லாங்ஃபோர்டு அல்லர், அதிகம் அறியப்படாத பேட்லிங் ஜிம் ஜான்சன். அப்போட்டி சமநிலையில் முடிந்தது. மறுநாள் அதே நகரில் லாங்ஃபோர்டு 20 சுற்றுகளில் ஜோ ஜெனட்டை வென்றார். ஹெவிவெயிட் உலகின் சிறந்த இருவரில் ஒருவரைத் தேடி ஜான்சன் கடல் கடக்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.

வெள்ளை வீரர்களில் பெரும்பாலோர் விலகிச் சென்ற நிலையில், லாங்ஃபோர்டு, ஜெனட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ் ஆகிய நால்வரும் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிப் பிழைக்க நேர்ந்தது. ஜெனட்டுடனும் மெக்வேயுடனும் தலா பத்து முறைக்கும் மேல், வில்ஸுடன் பதினைந்து முறைக்கும் மேல் லாங்ஃபோர்டு களம் கண்டார். கறுப்பினத்தவருக்கென்று தனியே வைக்கப்பட்டிருந்த ஹெவிவெயிட் பட்டம் இந்நால்வர் கைகளில் மாறிமாறிச் சுழன்றது. சிட்னியில் 1911 டிசம்பர் 26-இல் மெக்வேயிடம் தோற்ற லாங்ஃபோர்டு, அடுத்த ஆண்டு அவரைப் பலமுறை வென்றார்.

வில்ஸ் ஆறடிக்கு மேல் உயரமும், லாங்ஃபோர்டைவிட இளமையும் உடையவர். இருவரும் மோதிய போட்டிகளில் பெரும்பாலானவற்றில் வில்ஸே வென்றார். எனினும் 1914 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே 14-ஆவது சுற்றிலும், 1916 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் 19-ஆவது சுற்றிலும் லாங்ஃபோர்டு அவரை நாக் அவுட் செய்தார். இந்த வில்ஸைத்தான் பின்னர் டெம்ப்சி சாம்பியனாக இருந்த ஏழு ஆண்டுகளிலும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

வெள்ளை வீரர்களுடன் கிடைத்த வாய்ப்புகளை லாங்ஃபோர்டு வீணாக்கவில்லை. லைட் ஹெவிவெயிட் முன்னாள் சாம்பியனான ஃபிலடெல்ஃபியா ஜாக் ஓ'பிரையனை 1911 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஐந்தாவது சுற்றில் நிறுத்தினார். மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெச்சலை 1910 ஏப்ரல் 27-இல் ஃபிலடெல்ஃபியாவில் சந்தித்தார். ஆறு சுற்றுகள் மட்டுமே கொண்ட, தீர்ப்பு அறிவிக்கப்படாத போட்டி அது. பெருந்தொகைக்கு நீண்ட போட்டி ஒன்றைப் பிறகு நடத்தும் எண்ணத்தில் இருவரும் முழு வலிமையைக் காட்டவில்லை என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அந்த நீண்ட போட்டி நடக்கவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் கெச்சல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தீர்ப்பு அறிவிக்கப்படாத போட்டி என்பது இன்றைய வாசகருக்குப் புதிராகத் தோன்றலாம். சூதாட்டத்தைத் தடுக்கும் நோக்கில் பல அமெரிக்க மாநிலங்களில், நாக் அவுட் ஆகாத போட்டியில் வெற்றியாளரை அறிவிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. மறுநாள் செய்தித்தாள் எழுதியதே தீர்ப்பாகக் கொள்ளப்பட்டது. ஒரே போட்டியில் ஒரு நாளிதழ் ஒருவரையும் மற்றொரு நாளிதழ் மற்றவரையும் வென்றவராக எழுதியதுண்டு. லாங்ஃபோர்டின் பதிவான போட்டிகள் 250-க்கும் மேல். அவற்றின் வெற்றி தோல்விக் கணக்கு நூலுக்கு நூல் மாறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நாளிதழ்கள் அவருக்குச் செய்த தீமையும் உண்டு. அவருடைய நிறத்தை இழிவுபடுத்தும் பட்டப்பெயரால் அவரை அழைத்தன, கேலிச்சித்திரங்கள் வரைந்தன, அவர் பேசாத கொச்சையை அவர் வாயில் வைத்து அச்சிட்டன. எப்போதும் சிரிக்கும் வேடிக்கை மனிதர் என்ற உருவம் அவ்வாறு பரவியது. ஒரு சுற்றின் தொடக்கத்தில் எதிராளியின் கையுறையைத் தொட்டு அவர் விடைபெற்றதாகவும், இது கடைசிச் சுற்று இல்லையே என்று எதிராளி வியந்ததாகவும், உனக்கு இதுதான் கடைசி என்று கூறி அடுத்த சில நொடிகளில் அவரை வீழ்த்தியதாகவும் ஒரு கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. கதை சுவையானது, எந்தப் போட்டியில் நடந்தது என்பதில் கதை சொல்வோரிடையே ஒற்றுமை இல்லை.

1915 ஏப்ரல் 5-இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் பட்டத்தை இழந்தார். புதிய சாம்பியன் கறுப்பின வீரர்களுடன் மோத மறுத்தார். அதன்பின் ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு கறுப்பின வீரர் போட்டியிட, 1937-இல் ஜோ லூயிஸ் வரும்வரை 22 ஆண்டுகள் ஆயின. அப்போது வளர்ந்து கொண்டிருந்த டெம்ப்சி, 1916-இல் லாங்ஃபோர்டுடன் மோதும் வாய்ப்பு வந்தபோது தாம் மறுத்துவிட்டதையும், அவரிடம் தமக்கிருந்த அச்சத்தையும் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் ஒப்புக்கொண்டுள்ளார். சாம்பியன் ஒருவர் இவ்வாறு எழுதி வைப்பது அரிது. எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிலும் இந்தச் சான்று கனமானது.

1917 ஜூன் 19-ஆம் தேதி பாஸ்டனில் ஃபிரெட் ஃபுல்டன் என்ற நெடிய உருவம் கொண்ட வீரருடன் மோதியபோது லாங்ஃபோர்டின் இடது கண் பார்வை பறிபோனது. போட்டியைத் தொடர முடியாமல் அவர் விலகினார். ஆனால் களத்தை விட்டு விலகவில்லை. சேமிப்பு இல்லை, வேறு தொழிலும் தெரியாது. மற்றொரு கண்ணும் மங்கிக் கொண்டிருக்க, மேலும் ஒன்பது ஆண்டுகள் அவர் சண்டையிட்டார்.

அவருடைய தோல்விகளில் கணிசமானவை இந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து மதிப்பிடுவோர் 1910-இன் லாங்ஃபோர்டையும் 1922-இன் லாங்ஃபோர்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றனர். அந்த 1922-ஆம் ஆண்டிலும்கூட, ஜூன் மாதம் அட்லாண்டாவில் டைகர் ஃபிளவர்ஸை இரண்டாவது சுற்றில் அவர் நாக் அவுட் செய்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹாரி கிரெப்பை வென்று மிடில்வெயிட் உலக சாம்பியனான அதே ஃபிளவர்ஸ் அவர். 1923-இல் மெக்ஸிகோ சிட்டியில், எதிராளியின் உருவத்தை நிழலாக மட்டுமே காணக்கூடிய நிலையில், முதல் சுற்றிலேயே வென்று அந்நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தை லாங்ஃபோர்டு பெற்றார். 1926-இல் அவர் கையுறைகளைக் கழற்றியபோது பார்வை ஏறத்தாழ முற்றிலும் போயிருந்தது.

அதன்பின் அவர் மறக்கப்பட்டார். 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழின் செய்தியாளர் ஆல் லேனி, பழைய வீரரைப் பற்றி எழுத எண்ணி ஹார்லெம் பகுதியில் விசாரித்தார். லாங்ஃபோர்டு இறந்துவிட்டார் என்றே பலர் கூறினர். தேடலை விடாத லேனி, 139-ஆவது தெருவில் இருந்த வாடகை விடுதி ஒன்றின் சிறிய இருண்ட அறையில், பார்வையும் பணமும் இன்றித் தனியே அமர்ந்திருந்த அவரைக் கண்டார். அம்மனிதர் யார் மீதும் குறை கூறவில்லை என்பது லேனியைக் கலங்க வைத்தது. அவர் எழுதிய கட்டுரை வெளியானதும் வாசகர்கள் அனுப்பிய பணம் பல ஆயிரம் டாலர்களாகச் சேர்ந்தது. அந்தத் தொகை நிதியாக வைக்கப்பட்டு, லாங்ஃபோர்டின் எஞ்சிய நாள்களுக்கு மாதந்தோறும் வழங்கப்பட்டது.

தீர்ப்பாளர்கள் தாமதமாகவே வந்தனர். ஃபிளைஷரின் 'தி ரிங்' இதழ் 1954-இல் தொடங்கிய புகழ் அரங்கில், உலகப் பட்டம் ஏதும் இல்லாத லாங்ஃபோர்டு 1955-இல் சேர்க்கப்பட்டார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2003-இல் அதே இதழ் வரலாற்றின் மிக வலிமையான 100 குத்து வீரர்களை வரிசைப்படுத்தியபோது, ஜோ லூயிஸுக்கு அடுத்த இரண்டாம் இடம் அவருக்குத் தரப்பட்டது. ஃபிளைஷர் முதலிடம் கொடுத்த ஜான்சன் 1946-இல் கார் விபத்தில் மறைந்திருந்தார்.

கடைசி ஆண்டுகளை மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் லாங்ஃபோர்டு கழித்தார். தம் பெயர் புகழ் அரங்கில் சேர்ந்த செய்தி வந்த மறு ஆண்டு, 1956 ஜனவரி 12-ஆம் தேதி அவர் காலமானார். ஜான்சனுடன் அவர் மோதிய செல்சி நகரம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.